ஆறு மாதத்தில் பதில் வராவிட்டால்

1

போன திங்கட்கிழமையோடு எனக்குச் சாவி கிடைத்துப் பத்து வருடம் ஆகிறது. வீட்டுச் சாவி இல்லை. ஒரு சின்ன இயங்குதளத்தின் நிரலில் எதைச் சேர்க்கலாம், எதைத் தூக்கலாம் என்று முடிவு செய்யும் ஆறு பேரில் நானும் ஒருத்தி. அந்த உரிமையைத்தான் எங்கள் வட்டத்தில் சாவி என்போம். மற்ற ஐந்து பேரில் இரண்டு பேரைத்தான் நேரில் பார்த்திருக்கிறேன். டென்மார்க்கில் இருக்கும் ஹென்ரிக்கை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆனால் அவனோடு சண்டை போட்ட அளவுக்கு என் கணவரோடுகூடச் சண்டை போட்டதில்லை. காலையில் கணினியைத் திறந்தால் அவன் ஒரு கேக் படம் அனுப்பியிருந்தான். கூடவே ஒரு வரி: "பத்து வருடத்தில் நீ சேர்த்ததைவிட அழித்தது அதிகம். வாழ்த்துகள்."

புதுச்சேரி நெல்லித்தோப்பில் எங்கள் தெருவில் யாரிடமாவது இதைச் சொன்னால், ஏதோ வயிற்றெரிச்சலில் திட்டுகிறான் என்று நினைப்பார்கள். எங்கள் வேலையில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். கைபேசிக்கும் கணினிக்கும் இயங்குதளம் உண்டு, எல்லோருக்கும் தெரியும். அதே மாதிரி தண்ணீர் மீட்டர், தெருவிளக்கு, மாட்டின் கழுத்தில் கட்டும் பட்டை ஆகியவற்றுக்குள் உட்கார்ந்திருக்கும் நகக்கண் அளவு சில்லுக்கும் ஒரு இயங்குதளம் வேண்டும். எங்களுடையது அதற்கானது. அது குடியிருக்க மொத்தம் முப்பத்திரண்டு கிலோபைட் இடம். உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் வரும் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கப் படத்துக்கே அதைப்போல மூன்று நான்கு மடங்கு இடம் வேண்டும். அதனால் என் வேலையில் பாதி, வேண்டாம் என்று சொல்வது. கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள், கொண்டுவருவதும் நல்ல பொருள்தான். அதனால்தான் வேண்டாம் என்று சொல்வதற்குத் தனி வாய் வேண்டியிருக்கிறது. எனக்கு அந்த வாய் பிறவியிலேயே உண்டு என்று என் மாமியார் சொல்வார்.

நிரல் திறந்து கிடக்கிறது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், தாங்கள் விற்கிற பொருளில் வைத்துக்கொள்ளலாம். எங்களைக் கேட்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியதில்லை என்பதால், யார் எடுத்தார்கள் என்று எங்களுக்கும் தெரிவதில்லை. இந்தக் கோடையில் நடந்ததற்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது.

அந்தத் திங்கட்கிழமை, வழக்கமாக அனுப்பும் ஒரு அறிவிப்பையும் நான் அனுப்ப வேண்டியிருந்தது. பத்து வருடமாகச் சளைக்காமல் அனுப்பியவள் நான். அன்றைக்குக் கை வரவில்லை.

2

அந்த அறிவிப்பு இப்படி இருக்கும்: "இன்ன பகுதியை யாராவது பயன்படுத்துகிறீர்களா? ஆறு மாதத்தில் பதில் வராவிட்டால் நீக்கப்படும்." எங்கள் அஞ்சல் குழுவில் போடுவோம். உலகம் முழுக்கச் சில நூறு பேர் படிப்பார்கள். பதில் வராது. ஆறு மாதம் கழித்து நான் அழிப்பேன்.

அழிப்பதில் எனக்கு ஒரு சுகம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். பிரான்சின் கிரெனோபிள் நகருக்கு வந்த புதிதில், இரண்டு பெட்டியோடு மூன்றாவது மாடி அறைக்குள் நுழைந்தபோதே, இனிமேல் வேண்டாததை வைத்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்தவள். என் கணவர் இக்பால் இங்கே டிராம் ஓட்டுகிறார். உடைந்த குடையைக்கூடத் தூக்கிப்போட மனம் வராத மனிதர். இருபது வருடமாக அவருக்குத் தெரியாமல் நான் வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு பழைய ரேடியோ சில்லுக்கான நிரலுக்கு அறிவிப்புப் போட்டேன். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தூரத்துக்குச் சின்னச் செய்தி அனுப்பும் மலிவான சில்லு. ஆறு மாதம் காத்திருந்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை காலை, காபி ஆறுவதற்குள் அழித்துவிட்டேன். காலியான இடத்தில் ஹென்ரிக் நீண்ட நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த பாதுகாப்புப் பூட்டு ஒன்றைச் சேர்த்தோம்.

இதே ஆறு பேரில் ஒருத்தியான நான், அதற்கு இரண்டு வருடம் முன்பு ஓய்வூதிய அலுவலகத்தோடு தொலைபேசியில் மல்லுக்கு நின்றதையும் சொல்ல வேண்டும். என் மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். ஊரில் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு என்றால் இன்றைக்கும் எங்கள் வீட்டைக் காட்டுவார்கள். வருடா வருடம் அவருக்கு ஒரு கடிதம் வரும். உயிரோடு இருப்பதாக அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த வருடம் இரண்டு தெரு தள்ளி வீடு மாறியிருந்தார்கள். கடிதம் பழைய வீட்டுக்குப் போயிற்று. பதில் போகவில்லை, ஓய்வூதியம் நின்றுவிட்டது.

"நான் செத்துட்டேன்னு யாராவது எழுதிக் குடுத்தாங்களாம்மா? அப்புறம் உயிரோட இருக்கேன்னு நான் எதுக்கு எழுதிக் குடுக்கணும்?" என்று வீடியோவில் கேட்டார். இந்தப் பக்கம் அலுவலகப் பெண், பதில் வரவில்லை மேடம், பதில் வரவில்லை மேடம் என்று கிளிப்பிள்ளை போலச் சொல்லிக்கொண்டிருந்தாள். பதில் வரவில்லை என்றால் ஆளே இல்லை என்று அர்த்தமா என்று என் பிரெஞ்சு முழுவதையும் திரட்டிக் கத்தினேன். மேசைக்கு எதிரே பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் நூரி, என் பிரெஞ்சில் இருந்த பிழையைக் கேட்டுச் சிரித்தாள்.

3

ஜூலை நடுவில் அமுதா கூப்பிட்டாள். லாஸ்பேட்டை பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் ஒரே பெஞ்சு நாங்கள். இப்போது உப்பளத்தில் பழைய துறைமுகத்துக்குப் போகும் வழியில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறாள். இன்வெர்ட்டர் பழுது பார்ப்பாள், மோட்டார் கன்ட்ரோலர் செய்து விற்பாள். கணவன் வீடு மீனவர் ஊரான வீராம்பட்டினம். அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

"ஏ சொல்தா மருமவளே, உங்க புது வெர்சன எறக்கினேன். ரேடியோ ஃபைலயே காணோமே. எங்கடி வச்சிருக்கீங்க?"

எந்த ரேடியோ என்று கேட்டேன். சொன்னாள்.

"அத அழிச்சிட்டேன் அமுதா. யாரும் யூஸ் பண்ணல."

"நாங்க பண்றோமே."

எட்டு வருடம் முன்பு விடுமுறையில் போனபோது, அவள் கேட்டாள் என்று நானேதான் அந்த நிரலை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கொடுத்ததே எனக்கு மறந்துபோய்விட்டது. அவள் மறக்கவில்லை. அதை வைத்து மீன்பிடிப் படகுகளுக்கு ஒரு பெட்டி செய்திருந்தாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, படகு இருக்கும் இடத்தைக் கரைக்கு அனுப்பும். ஐஸ் பிளான்ட் மொட்டைமாடியில் ஆன்டெனா. கரையில் இருக்கும் பெண்கள் கைபேசியில் புள்ளியைப் பார்த்துக்கொள்வார்கள். புள்ளி நகர்ந்தால் சோறு வடிப்பார்களாம். முப்பத்திரண்டு படகுகளில் அந்தப் பெட்டி இருக்கிறது.

முன்பு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி சார்ஜ் போடுவாள். இந்த வருடம் சின்ன சோலார் தகடு ஒட்டி, உப்புத்தண்ணீர் புகாமல் மொத்தமாக மூடிவிட்டாள். சுவிட்ச்கூட வைக்கவில்லை. அங்கேதான் வினை. நாங்கள் எழுதிய பழைய பதிப்பில் கடிகாரம் தொடர்ந்து நாற்பத்தொன்பது நாள் ஓடினால் எண்ணிக்கை நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும். தூங்கிக்கொண்டிருக்கும் பெட்டி அதன்பின் எழவே எழாது. எங்களுக்குத் தெரிந்த பிழைதான், புதிய பதிப்பில் சரிசெய்துவிட்டோம். அமுதாவுக்கு அது தெரிந்தது, அவளுடைய கொழுந்தன் முருகையனின் புள்ளி ஒரு நாள் காலையில் கடல் நடுவே நின்றுபோன பிறகுதான்.

"அவன் பொண்டாட்டி மூணு மாசம் முழுவாம இருக்கா. ஐஸ் பிளான்ட் வாசல்ல ஊரே கூடிப்போச்சு. நாலு படகு தேடப் போச்சு. இவன் மத்தியானம் வஞ்சிரத்தோட ஜம்முனு வந்து எறங்குறான், எதுக்கு இவ்ளோ கூட்டம்ங்கறான். எனக்குச் சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல."

மறுநாளும் அதற்கு மறுநாளும் மற்ற பெட்டிகளும் வரிசையாக நின்றன. ஊர்க்கூட்டத்தில் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்: இது இல்லாதபோது நிம்மதியாக இருந்தோம், இன்னொரு தடவை இப்படி ஆனால் எல்லாவற்றையும் கழற்றிவிடு. அவள் எல்லாப் பெட்டியையும் பிரித்து, மறுபடி ஓடவிட்டு மூடியிருந்தாள். அன்றிலிருந்து நாற்பத்தொன்பது நாள் எண்ணினால், ஆடித் தேர் முடிந்து மூன்றாவது நாள் வருகிறது. தேர் அன்று ஒரு படகும் கடலுக்குப் போகாது. எல்லாப் பெட்டியையும் ஒரே இடத்தில் பிடிக்க அந்த ஒரு நாள்தான்.

"ஏண்டி, அழிக்கப் போறோம்னு ஆறு மாசம் லிஸ்ட்ல கெடந்துச்சே. இருக்கோம்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அமுதாவின் குரல் தணிந்தது.

"படிச்சேன். நெசமாவே தூக்கிடுவீங்கன்னு நெனைக்கல. அதுல பெரிய பெரிய ஆளுங்கல்லாம் பேசிக்கிறீங்க. நடுவுல நான் என்னான்னு பூந்து சொல்றது? என் இங்கிலீசப் பாத்துட்டு நீயே சிரிப்ப."

4

அவள் கேட்டது சின்ன உதவி. பழைய பதிப்பில் கடிகாரத் திருத்தத்தை மட்டும் ஒட்டுப்போட்டு, யாருக்கும் சொல்லாமல் அனுப்பிவிடு என்றாள். ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தால் முடியும். ஆனால் பென்டிரைவில் கொடுத்ததால்தான் இந்த நிலை வந்தது. இன்றைக்கு ஒட்டுப்போட்டுக் கொடுத்தால், அடுத்த வருடம் வேறொன்றை நாங்கள் அழிப்போம், அவள் மறுபடி என்னைக் கூப்பிடுவாள். அதற்குள் எந்தப் புள்ளி நிற்குமோ.

அழித்ததைத் திரும்பக் கொண்டுவரவும் வழி இருக்கிறது. அதற்கு இரண்டு நிபந்தனைகள். சில்லைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் தன் பெயரில் பொறுப்பேற்க வேண்டும். கூடவே, மொத்தமும் அந்த முப்பத்திரண்டு கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். காலி இடத்தில்தான் ஹென்ரிக்கின் பூட்டு வந்து உட்கார்ந்துவிட்டதே. ஹென்ரிக்கிடம் கேட்டேன். "பயன்படுத்துகிறவர் யார்? அவர் ஏன் எழுதவில்லை?" என்றான். நியாயமான கேள்வி. அந்த நியாயம் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஓய்வூதிய அலுவலகப் பெண்ணின் குரல் கேட்டது, ஆனால் இந்தத் தடவை அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

அமுதாவிடம் சொன்னேன், நீயே உன் பேரில் குழுவுக்கு அனுப்பு என்று.

"உன் பேர்ல போட்டுக்கடி. என் பேரு எதுக்கு?"

"எங்கிட்ட அந்தச் சில்லும் இல்ல, படகும் இல்ல. பொய் சொல்லணும்."

"தேருக்கு மூணு வாரம் இருக்குது. ஊர்ல என் மூஞ்சிய எங்க வச்சிக்கிறதுன்னு தவிக்கிறேன், நீ ரூல்ஸ் பேசுற. சுத்தப் பிரெஞ்சுக்காரியா ஆயிட்ட போ."

வைத்துவிட்டாள். சமையலறையில் அப்படியே நின்றேன். வசிப்பு அனுமதி தரும் ப்ரெஃபெக்சர் அலுவலகத்தில் பூர்த்தி செய்யாத ஒரு கட்டத்துக்காக என் விண்ணப்பத்தை மூன்று தடவை திருப்பியவர்களை எவ்வளவு சபித்திருக்கிறேன். அழுகை வந்தது, அழுதேன். அந்தச் சனிக்கிழமை ஒட்டுப்போட்ட பதிப்பையும் தயார் செய்து வைத்துக்கொண்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை. தேருக்கு முதல்நாள் வரை பார்ப்போம் என்று இருந்தேன்.

அன்று நான் சமையலறையில் அப்படி நின்றிருந்தபோதே நூரி வந்து குளிர்பதனப் பெட்டியைத் திறந்தாள். பதினைந்து வயது. சின்ன வயதில் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள், பிறகு அதுவும் நின்றது. பதில் வராத மொழியில் எத்தனை நாள் பேசுவது? நானும் பிரெஞ்சுக்கு மாறிவிட்டேன். தயிரைக் கையில் எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் பிரெஞ்சில் சொன்னாள்:

"அவங்க மாட்டேன்னு சொல்லலை. பயப்படுறாங்க. உங்க ஆட்கள் எல்லார் முன்னாடியும் திருத்துவாங்கள்ல."

"உனக்கு எப்படித் தெரியும்? நாங்க பேசினது புரிஞ்சுதா?"

"எப்பவும் புரியும்."

"அப்புறம் ஏன் நீ பேசறதே இல்ல?"

"நான் ஒரு வாக்கியம் சொன்னா நீங்க மூணு இடத்துல திருத்துவீங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

5

மறுநாள் அமுதாவுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். என் முதல் நிரலை ஹென்ரிக் குழுவின் முன்னால் பதினான்கு இடங்களில் கிழித்ததையும், நான் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுததையும் யாரிடமும் சொன்னதில்லை. அவளிடம் சொன்னேன். தப்பும் தவறுமாக எழுது, ஒரு எழுத்தைக்கூட நான் தொட மாட்டேன், இன்னொருவன் தொட்டால் அவனோடு நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். அவளிடமிருந்து இரண்டு நாள் பதில் இல்லை.

மூன்றாம் நாள் குழுவில் வந்து விழுந்தது. வணக்கம் இல்லை, முன்னுரை இல்லை. "நான் அமுதா, புதுச்சேரி. முப்பத்திரண்டு படகில் இந்த ரேடியோ இருக்கிறது. நிரல் இணைத்திருக்கிறேன். வேலை செய்கிறது" என்று ஆங்கிலத்தில் நாலு வரி. இரண்டு இடத்தில் இலக்கணம் நொண்டியது. திருத்த வேண்டும் என்று விரல் பரபரத்தது. கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஹென்ரிக் அதை எடுத்து இயக்கிப் பார்த்தான். அவனுடைய பூட்டும் இருந்தது, அவளுடைய ரேடியோவும் இருந்தது, அதற்கு மேலும் இருநூறு பைட் மிச்சம். எப்படி என்று எங்கள் ஆறு பேருக்கும் புரியவில்லை. திறந்து பார்த்தேன். நாங்கள் எழுதிய பிழைச் செய்திகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டிருந்தாள். 'இணைப்பு கிடைக்கவில்லை, மறுபடி முயலவும்' என்பது போன்ற நீண்ட நீண்ட வாக்கியங்கள். அவற்றுக்குப் பதில் ஒரு சிவப்பு விளக்கு. ஒரு தடவை கண்சிமிட்டினால் ரேடியோ, இரண்டு தடவை என்றால் பேட்டரி. எட்டு வருடம் முன்பே செய்துவிட்டாளாம். சின்னதாக வைத்திருப்பதற்குச் சாவி வாங்கியவள் நான். என் மூக்கு உடைந்த இடத்தில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

செய்திகள் எங்கே என்று ஹென்ரிக் கேட்டதற்கு, குழுவிலேயே அவள் பதில் போட்டாள்: கடலில் யாரும் படிக்க மாட்டார்கள்.

அவன் சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டுவிட்டு, இதற்குப் பொறுப்பாளராக இருக்கச் சம்மதமா என்று கேட்டான். உடனே எனக்கு போன் வந்தது.

"ஆமான்னு சொன்னா என்னா வேலடி வரும்?"

"யாராவது கேட்டா பதில் சொல்லணும்."

"அவ்ளோதானா? இத மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே."

அவள் சம்மதிக்க, ரேடியோ மறுபடி எங்கள் பதிப்பில் சேர்ந்தது. தேர் அன்று வீடியோவில் கூப்பிட்டாள். ஐஸ் பிளான்ட் வராண்டாவில் மடிக்கணினி, சுற்றிலும் பிரித்த பெட்டிகள், பின்னால் மேளச் சத்தத்தில் அவள் பேச்சே கேட்கவில்லை. "முப்பத்தோரு பெட்டி முடிஞ்சிச்சு!" என்று கத்தினாள். முருகையன் மட்டும் பெட்டியைக் கொடுக்காமல் தேர் இழுக்கப் போய்விட்டான். மறுநாள் விடியற்காலை அவனைப் படகோடு பிடித்து முடித்தாள்.

புதிய பதிப்பு ஏற்றியதிலிருந்து நாற்பத்தொன்பதாம் நாள் நான் அலுவலகக் கூட்டத்தில் இருந்தேன். மேசைக்கு அடியில் கைபேசியில் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐம்பதாம் நாளும் நகர்ந்தன. ஐம்பத்தோராம் நாள் அமுதா ஒரு படம் அனுப்பினாள்: வாழையிலையில் பொரித்த வஞ்சிரம். முருகையன் வீட்டிலிருந்து வந்ததாம்.

6

இனி அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். நான் அனுப்ப வேண்டிய அறிவிப்பு, ஒரு பழைய சில்லுப் பலகையைப் பற்றியது. கடைகளில் கிடைப்பதில்லை, எங்களுக்கும் சோதித்துப் பார்க்க ஆள் இல்லை. பட்டியலில் அதற்கு எதிரே பயன்படுத்துபவர் என்று ஒருவர் பெயரும் இல்லை. அமுதாவின் பெட்டியில் எந்தப் பலகை என்று எனக்குத் தெரியும், அது வேறு. ஆனால் எனக்குத் தெரியாத அமுதாக்கள் எத்தனை பேர், எந்த ஊரில் எதை வைத்து என்ன செய்துகொண்டிருக்கிறார்கள்? அதை நினைத்துக்கொண்டே சாயங்காலம் வரை வைத்திருந்து, கடைசியில் அனுப்பினேன். ஒரே ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தேன்: எந்த மொழியிலும் பதில் எழுதலாம்.

கால் மணி நேரத்தில் ஒரு பதில் வந்தது. அமுதாவிடமிருந்து இல்லை. கடலூர்ப் பக்கம் இறால் பண்ணை ஒன்றில் வேலை செய்பவராம், பெயருக்குக் கீழே இருந்த முகவரியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அமுதா யாரிடமோ சொல்லியிருக்கிறாள். ஆங்கிலமும் எண்களும் மட்டுமே ஓடிக்கொண்டிருந்த எங்கள் குழுவில், தமிழில் ஒரே ஒரு சொல்.

"இருக்கோம்."

ஹென்ரிக் உடனே கேட்டான்: "இது என்ன மொழி? பயன்படுத்துகிறார்களா, இல்லையா?"

தட்டப் போன கையை எடுத்துக்கொண்டேன். நாற்காலியைத் திருப்பி, மாடிப்படியைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டேன்.

"நூரி, 'இருக்கோம்'னு ஒருத்தர் எழுதியிருக்கார். இந்த ஹென்ரிக்குக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?"

வழக்கம்போல மேலேயிருந்து சத்தம் இல்லை. நான் பிரெஞ்சில் மறுபடி கேட்கவில்லை. திரையில் ஹென்ரிக் இன்னொரு கேள்விக்குறி போட்டான். அவனையும் காக்க வைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் படியில் காலடி கேட்டது. என் தோளுக்கு மேலே குனிந்து, அந்தச் சொல்லை ஒரு படத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு என் கையை விலக்கிவிட்டு, என் பெயரிலேயே ஆங்கிலத்தில் தட்டி அனுப்பினாள்:

"இருக்கிறார்கள். அழிக்காதீர்கள்."